பக்கத்து வரியில் இருப்பவர்கள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

நான் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் பிரெஸ்டன் என்ற ஊரில் பல வருடங்களாக வசிக்கிறேன். அங்கே நூலகத்தில் வேலை பார்த்தேன். பழைய ஊர்ப் பதிவேடுகள் இருந்த அறை என் பொறுப்பு. கோடை வந்தால் போதும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் ஒரு பெயர், ஒரு வருடம், அப்புறம் 'பிரெஸ்டன்' என்று ஒரு சொல். "என் பாட்டியின் பாட்டி இந்த ஊர்க்காரர். எங்கே தேடலாம், சொல்லுங்கள்" என்பார்கள்.

ஏன் யூட்டாவிலிருந்து? 1830இல் அமெரிக்காவில் மார்மன் சபை என்ற ஒரு கிறிஸ்தவச் சபை தொடங்கியது. ஏழே வருடத்தில் அதன் மிஷனரிகள் கடல் தாண்டி லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். 1837 ஜூலை மாதம் அது. நேராக பிரெஸ்டனுக்கு வந்து, அந்த மாதம் 30ஆம் தேதி இங்கே ஓடும் ரிப்பிள் ஆற்றில் 9 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முதல் ஆளாக யார் தண்ணீரில் இறங்குவது என்று ஆற்றங்கரையில் ஓட்டப்பந்தயமே நடந்தது. ஜார்ஜ் வாட் என்ற இளைஞர் ஜெயித்தார். அந்தக் கரையில் நான் எத்தனையோ மாலைகளில் நடந்திருக்கிறேன்.

பஞ்சாலைத் தொழிலாளிகள், நெசவாளிகள், சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். 1850 வாக்கில் யூட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில் மார்மன்கள் அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் கூடி வாழ வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அமெரிக்காவில் அந்த இடம் பின்னாளில் யூட்டா ஆனது. ஆகவே 1840இல் முதல் கூட்டம், 41 பேர், 'பிரிட்டானியா' என்ற கப்பலில் லிவர்பூலிலிருந்து கிளம்பியது. அடுத்த ஐம்பது வருடங்களில் பிரிட்டனிலிருந்து மட்டும் ஐம்பதாயிரம் பேருக்குமேல் போனார்கள். கையில் காசு இல்லாதவர்களுக்கு 1849இல் சபையே ஒரு நிதி தொடங்கிக் கடன் கொடுத்தது. அங்கே போய்ச் சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இப்படிப் போனவர்களை எப்படித் தேடுவது? நான் வருகிறவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை இன்று இன்னும் இரண்டு மூன்று தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும். அவர் தேடி வந்த பெண்ணின் குடும்பப் பெயர் 'ஹ' என்ற ஒலியில் தொடங்கும். முழுப் பெயர் வேண்டாம், அது அவர்கள் குடும்பத்து விஷயம். பிறந்தது 1838 வாக்கில், ஊர் பிரெஸ்டன். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். பதினைந்து வருடமாகத் தேடுகிறார். பிரெஸ்டன் தேவாலயப் பதிவேடுகளில் அதே பெயரில் மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள். மூவரில் யார் என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன், "ஐயா, இந்தப் பெண் எந்தக் கப்பலில் போனார், யாரோடு போனார்?" தனியாகத்தான் போனார், வயது 17 என்றார். பதினேழு வயதுப் பெண் அந்தக் காலத்தில் தன்னந்தனியாகக் கப்பல் ஏறியிருப்பாரா? நம் வீட்டில் அனுப்புவார்களா? தெரிந்த குடும்பம் ஏதாவது கூடப் போயிருக்க வேண்டும் இல்லையா?

லிவர்பூலில் இருந்த சபை அலுவலகம் பயணிகளின் பெயர், வயது, தொழில், ஊர் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைத்தது. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பெண்ணின் பெயருக்கு நேர் மேலே ஒரு நெசவாளி, அவர் மனைவி, நான்கு குழந்தைகள். அவர்களும் பிரெஸ்டன். பெரியவர் இத்தனை வருடமும் அந்த வரியைத் தாண்டித்தான் தன் பாட்டியின் பெயரைப் படித்திருக்கிறார்.

சரி, அந்த நெசவாளி 1851ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்தத் தெருவில் இருந்தார் என்று பார்த்தோம். கிடைத்தது. அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி, ஒரு விதவைத் தாயும் மூன்று மகள்களும். நடு மகளுக்கு வயது 12, பஞ்சாலையில் வேலை. பெயர் அதேதான், ஆனால் முன்னால் இருக்க வேண்டிய அந்த 'ஹ' இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பிரெஸ்டன் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்து மக்கள் பேசும்போது 'ஹ' வராது, விழுங்கிவிடுவார்கள். நாம் ஹனுமானை அனுமான் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதைத் திருத்த முடியுமா? அமெரிக்காவில் இறங்கியபோது வேறொரு எழுத்தர் வேறு மாதிரி எழுதியிருப்பார். ஒரே ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டல் இருப்பது இந்தப் பதிவேடுகளில் சர்வசாதாரணம். கணினியில் பெயரைத் தட்டி, "ஒன்றும் இல்லை" என்று வந்ததும் சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். ஆள் அங்கேதான் இருப்பார், வேறு எழுத்தில் இருப்பார்.

அப்புறம் இன்னொன்று. 1851 கணக்கெடுப்பில் எந்த ஊரில் பிறந்தார் என்றும் எழுதியிருப்பார்கள். அந்தப் பெண் பிறந்தது பிரெஸ்டனே இல்லை, சில மைல் தள்ளி ஒரு கிராமம். ஆலை வேலைக்காகக் குடும்பம் பிரெஸ்டனுக்கு வந்திருக்கிறது. ஆக, பெரியவர் பதினைந்து வருடமாக வைத்திருந்த மூன்று குழந்தைகளில் ஒருவர்கூட அவர் பாட்டி இல்லை.

கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பதிவு இருந்தது. தகப்பன் பெயர், தொழில் எல்லாம் கிடைத்தது. பெரியவருக்கு ஒரே சந்தோஷம். நான்தான் கேட்டேன், "அந்த அம்மா என்ன ஆனார்?" அவர் அதை நினைத்ததே இல்லை. 1861 கணக்கெடுப்பை எடுத்தோம். அம்மா அதே தெருவில் இருக்கிறார். மற்ற இரண்டு மகள்களும் கூட இல்லை, ஒற்றை ஆள். 1871இலும் இருக்கிறார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். தெரு இப்போது இல்லை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன்.

நேயர்களே, கூட இருந்தவர்களைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பெயரை மட்டும் தேடியிருந்தால் அந்தத் தாய் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்.

கப்பல் பயணத்துக்கும் இது பொருந்தும். உங்கள் முன்னோர் நாட்குறிப்பு எழுதியிருக்க மாட்டார், ஆனால் கூடப் போன ஒருவர் எழுதியிருக்கலாம். எந்த நாள் புயல், எந்தக் குழந்தை இறந்தது, யாருக்குக் கல்யாணம் நடந்தது, எல்லாம் அதில் இருக்கும். 'செயின்ட்ஸ் பை ஸீ' என்ற இணையத் தொகுப்பில் கப்பல் வாரியாகப் பயணிகள் பட்டியலையும் இந்த நாட்குறிப்புகளையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

1869இல் ரயில் பாதை கண்டத்தைக் கடந்து முடிந்தது. அதற்கு முன்னால் போனவர்கள் மாட்டுவண்டியிலோ நடந்தோதான் போக வேண்டும். 1856 முதல் 1860 வரை சுமார் 3,000 பேர் கைவண்டி இழுத்துப் போனார்கள். அயோவா சிட்டியிலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி வரை 2,000 கிலோமீட்டருக்குமேல். ஆளுக்கு 8 கிலோ சாமான்கூட அனுமதி இல்லை. 1856இல் கடைசியாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள், வில்லி கூட்டமும் மார்ட்டின் கூட்டமும், அக்டோபரில் வயோமிங் பனியில் சிக்கின. ஏறக்குறைய ஆயிரம் பேரில் 200 பேருக்குமேல் இறந்தார்கள்.

அதில் நெல்லி என்று ஒரு சிறுமி. இங்கிலாந்தில் டின்ட்விசில் என்ற ஊரில் பிறந்தவள். தாய், தகப்பன் இரண்டு பேரும் சில நாள் இடைவெளியில் வழியிலேயே இறந்தார்கள். நெல்லியும் அக்கா மேகியும் பிழைத்தார்கள். உறைபனியால் நெல்லிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. பிறகு யூட்டாவின் சீடர் சிட்டியில் கல்யாணமாகி ஆறு பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. இவ்வளவு பேர் அறிந்த அவர் குடும்பப் பெயரையே பியூசெல், பர்செல் என்று விதவிதமாக எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க நம் பாட்டிகள் பெயர் எம்மாத்திரம்?

தேடத் தொடங்கும்போது அமெரிக்க முனையில் தொடங்குங்கள். இறப்புப் பதிவு, கல்லறை, அப்புறம் எந்தக் கூட்டத்தோடு சமவெளியைக் கடந்தார், எந்தக் கப்பல், கடைசியாக பிரிட்டனில் அவர் இருந்த கிளைச் சபையின் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்ற தேதியும், சில சமயம் புலம்பெயர்ந்து போனார் என்ற குறிப்பும் இருக்கும். கப்பல் இறங்கிய வருடத்துக்கும் யூட்டா சேர்ந்த வருடத்துக்கும் நடுவே ஐந்தாறு வருடம் இடைவெளி இருந்தால் கலங்க வேண்டாம். செயின்ட் லூயிஸ் நகரில் தங்கி வேலை செய்து, வண்டிக்குப் பணம் சேர்த்தவர்கள் நிறைய. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை அரசு தொடங்கியதும் அதே 1837 ஜூலைதான் என்பது நமக்கு அதிர்ஷ்டம். 1841 கணக்கெடுப்பில் மட்டும் வயதை நம்ப வேண்டாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்சாவளியை அப்படியே நகல் எடுக்கவும் வேண்டாம்.

இறந்துபோன முன்னோர்களுக்கும் ஞானஸ்நானம் செய்விக்கலாம் என்பது மார்மன்களின் நம்பிக்கை. அதனால்தான் 1894லேயே வம்சாவளிச் சங்கம் வைத்து, உலகம் முழுவதும் பதிவேடுகளைப் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து பாதுகாக்கிறார்கள். எந்த மதத்தவரும் அவர்களுடைய ஃபேமிலிசர்ச் தளத்தில் காசு கொடுக்காமல் தேடலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். சென்னையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்தில் பிறந்து யூட்டாவில் குடியேறிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மிஷனரியாக மதராஸ் வந்தார். ஒரு வருடம் பிரசங்கம் செய்தார், சின்னதாக ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்தினார். சேர்ந்தவர்கள் ரொம்பச் சொற்பம். அங்கிருந்து பிரிட்டன் போய், 1855இல் 'சார்ல்ஸ் பக்' என்ற கப்பலில் லிவர்பூலிலிருந்து ஒரு கூட்டத்தைத் தலைமை தாங்கி அழைத்துப் போனார். அந்தக் கப்பலில் போனவர்களின் வாரிசு யாராவது என்னிடம் வந்தால், கூட்டத் தலைவர் மதராஸில் இருந்துவிட்டு வந்தவர் என்பதைத்தான் முதலில் சொல்வேன். வணக்கம்.