பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகம்: நிறைவே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காலையில் காவிரிப் படித்துறையில் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சாயங்காலம் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் கும்பகோணத்துத் தாய்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் ஆடிப்பெருக்கு வணக்கம்.

'பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகம் வாசகருக்குத் தருவது நிறைவா, ஏமாற்றமா?' இதுதான் தலைப்பு. கல்கி எழுதிய சோழர் காலத்து நாவலின் கடைசிப் பாகம் அது. ஏமாற்றமே என்று எனக்கு முன்னால் பேசிய ஐயா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்திருக்கிறார். 91 அத்தியாயம், ஒரே இழுவை என்றார். சோழ நாட்டுப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசி வரை உடைத்துச் சொல்லவில்லை என்றார். முடிவு திடுதிப்பென்று வந்து நிற்கிறது என்றார். நான் நிறைவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

கடைசிக் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இது இன்று நேற்று வந்த புகார் இல்லை. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து முடிந்தபோதே வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே, குந்தவைக்குக் கல்யாணம் ஆயிற்றா, நந்தினி என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கியும் ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பதில் சொன்னார். கதையில் நிறைவு இருந்திருந்தால் முடிவுரை எதற்கு என்று ஐயா மடக்கினார்.

ஐயா, நாலு வருஷம் வாரம் தவறாமல் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசியவர்கள் ஒரு நாள் வராமல் நின்றுவிட்டால், எங்கே போனார்கள், நல்லா இருக்கிறார்களா என்று நாம் விசாரிக்க மாட்டோமா? அந்த வாசகர்கள் விசாரித்தது அப்படித்தான். பிரிய மனமில்லாமல் கேட்டார்கள். அதை எடுத்து ஏமாற்றத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது அந்த வாசகர்களுக்கே நியாயம் செய்வதாகாது.

கதை எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். தஞ்சையில் பட்டாபிஷேகம். நாடே கரிகாலனின் தம்பி அருள்மொழிதான், அதாவது பொன்னியின் செல்வர்தான், ராஜா என்று காத்திருக்கிறது. அவர் கிரீடத்தை எடுத்துத் தன் சித்தப்பா உத்தம சோழர் தலையில் வைக்கிறார். முதல் பாகத்திலிருந்து 'அடுத்த ராஜா யார்?' என்று ஓடிவந்த கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. இது கல்கி கற்பனையாகக் கட்டிய முடிவும் இல்லை. குடிமக்கள் வேண்டிக் கேட்டும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும் வரை அரசை மனத்தாலும் விரும்பவில்லை அருண்மொழி என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த இடத்தை எட்டியதும் நாவலாசிரியர் பேனாவை மூடுகிறார். அதற்குப் பிறகு உத்தம சோழர் சுமார் 15 ஆண்டு ஆண்டதும், 985-இல் அருள்மொழி ராஜராஜராக அரியணை ஏறியதும், பெரிய கோயில் எழுந்ததும் வேறு கதை. அதையும் இதற்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும் என்றால் ஐயாவின் 'இழுவை' என்ற முதல் குற்றச்சாட்டு என்ன ஆவது? நீளம் என்றும் குறை, நிறுத்தியது என்றும் குறை. இரண்டில் ஒன்றை எதிரணி முடிவு செய்யட்டும்.

சரி, கொலைக்கு வருவோம்.

கடம்பூர் மாளிகையில் அந்த இரவு விளக்கு அணைகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். அந்த அறையிலும் அதைச் சுற்றியும் நந்தினி இருந்தாள், கதாநாயகன் வந்தியத்தேவன் இருந்தான், மணிமேகலை இருந்தாள், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர் இருந்தார், பாண்டியனுக்காகப் பழிவாங்கக் காத்திருந்த ரவிதாஸன் கூட்டமும் இருந்தது. யார் கை என்று கல்கி ஆணி அடித்தாற்போலச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாமலா? 293 அத்தியாயத்தில் அத்தனை முடிச்சுப் போட்டு அவிழ்த்தவருக்கு இந்த ஒன்று அவிழ்க்கத் தெரியாதா?

நாவல் எங்கே தொடங்குகிறது? ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில். அந்த ஏரியை ஒட்டிய ஊர் காட்டுமன்னார்கோவில். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த நிலபுலன்களைப் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. வந்தியத்தேவன் குதிரையில் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொலையின் சாசனம் கல்லில் இருக்கிறது. ஆனால் பெயர் இருந்தும் கேள்வி தீர்ந்துவிட்டதா? இடையில் உத்தம சோழரின் முழு ஆட்சி நடந்திருக்கிறதே, அப்போது ஏன் நடவடிக்கை தெரியவில்லை? பின்னால் இருந்து தூண்டியது யார்? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேலேயே சந்தேகத்தைத் திருப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அவர் யார் தெரியுமா? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருப்புறம்பியத்தில் பிறந்தவர், நம்ம ஊர்க்காரர். வரலாற்றை வாழ்நாள் முழுக்கப் படித்த இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும் வழக்கு இது. அதில் ஒரு நாவலாசிரியர் 'இன்னார்தான்' என்று தீர்ப்பு எழுதியிருந்தால் நமக்கு ஒரு நாள் திருப்தி கிடைத்திருக்கும். இப்போதோ, புத்தகம் வந்து எழுபது வருஷம் ஆகியும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து நாம் சண்டை போடுகிறோம். அதை எழுத்தின் தோல்வி என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது இழுவைக்கு வருகிறேன். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பட்டத்துக்கு யார் என்று தஞ்சைக் கோட்டைக்குள்ளும் வெளியிலும் மாற்றி மாற்றிப் பேசும் பகுதிகள் நீளம்தான். அங்கே பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் இந்த பாகம் எப்படி ஆரம்பிக்கிறது என்பதை எதிரணி வசதியாக விட்டுவிட்டது.

'கடல் பொங்கியது', 'நந்தி முழுகியது'. ஆரம்பத்திலேயே வரும் இரண்டு அத்தியாயங்களின் பெயர்கள் இவை. நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் என்ற புத்த மடத்துக்குள் கடல் புகுந்துவிடுகிறது. ஆச்சாரிய பிக்ஷு தப்பி ஓட மறுத்து, புத்தர் சிலையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இருக்கிறார். பொன்னியின் செல்வர் மூச்சடக்கி உள்ளே முழுகி, அந்தக் கையைப் பிரித்து, அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வேறு சீமையில் இருப்பவர்கள் இதைச் சாகசம் என்று படிக்கலாம். நம் ஜனங்கள் எப்படிப் படிப்பார்கள்? தொடர் வந்துகொண்டிருந்த காலத்திலேயே 1952 புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. 2004 டிசம்பர் 26 நாகப்பட்டினத்துக்கு என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் கஜா வந்து போனபின் வேதாரண்யம் பக்கம் தென்னை இருந்த இடமெல்லாம் வானம் தெரிந்தது. ஒளிந்திருந்த இளவரசர் ஊருக்குத் தெரிய வந்ததே அந்த வெள்ளத்தால்தான். ஜனங்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் என்பதால்தான் அத்தனை கூட்டமும் அவரைத் தஞ்சாவூர் நோக்கி அழைத்துக்கொண்டு கிளம்புகிறது. வெள்ளத்தில் கூட நின்றவரைத்தான் ஊர் தலைவர் என்று சொல்லும். டெல்டாவில் பிறந்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அதே புயல் கொள்ளிடத்திலும் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. என் வாதம் முழுக்க அவர் தலையில்தான் நிற்கிறது: பெரிய பழுவேட்டரையர்.

நான்கு பாகம் நாம் அவரை எப்படிப் பார்த்தோம்? 24 போர் கண்டவர், 64 விழுப்புண் தாங்கியவர். ஆனாலும் வயதான காலத்தில் நந்தினியை மணந்து, அவள் சொன்னபடியெல்லாம் ஆடி, சொந்த அரசருக்கு எதிராகவே கூட்டம் போடும் கிழவர். நமக்கு அவர் மேல் எரிச்சல், கொஞ்சம் ஏளனமும் கூட. ஐந்தாம் பாகத்தில் அவர் படகு கொள்ளிடத்தில் கவிழ்கிறது. 'கரை உடைந்தது' என்று ஓர் அத்தியாயம், அதை ஒட்டியே 'கண் திறந்தது' என்று இன்னொன்று. ராத்திரி உடைப்பெடுத்து ஊருக்குள் தண்ணீர் வந்த ஊர்க்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். பல்லக்கு இல்லை, பரிவாரம் இல்லை, கும்மிருட்டு, நனைந்த உடம்போடு ஒரு தனி மனிதர். அந்த நிலையில்தான் சதிகாரர்கள் பேசுவது அவர் காதில் விழுகிறது. தன் வீட்டுக்குள் இத்தனை நாள் என்ன நடந்தது என்று அந்த வயதில், அந்த இருட்டில், அவருக்குப் புரிகிறது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. நேரே கடம்பூருக்குத் திரும்புகிறார். கரிகாலனைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. அப்புறம் அரசர் முன்னால் நின்று, இளவரசர் சாவுக்கு நானே காரணம் என்று தன் வாயால் சொல்கிறார். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு உயிரை வைத்துக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, நடுவர் அவர்களே. நான்கு பாகமாகக் கரித்துக்கொட்டிய ஒரு மனிதரைக் கடைசியில் கை கூப்ப வைத்துவிட்டார் கல்கி. அதற்கு அந்த நீளம் தேவைப்பட்டது. இருபது அத்தியாயத்தில் ஒரு கிழவரின் மனத்தைத் திருப்பிக் காட்டலாம். ஆனால் நம் மனத்தைத் திருப்ப முடியாது.

எதிரணி நண்பர்கள் ஐந்தாம் பாகத்தை அருள்மொழிக்காகவும் வந்தியத்தேவனுக்காகவும் மட்டும் படிக்கிறார்கள். அதனால்தான் ஏமாற்றம் தெரிகிறது. தோற்றவர்களுக்காகப் படித்துப் பாருங்கள். வாயே பேசாத மந்தாகினி, அரசர் சுந்தர சோழரை நோக்கி எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறாள். கோடிக்கரைப் பூங்குழலி இளவரசர் மேல் வைத்த ஆசையைத் தானே இறக்கி வைத்துவிட்டு, பூமாலை கட்டும் சேந்தன் அமுதனோடு எளிய வாழ்வு போதும் என்கிறாள். கடம்பூர் மணிமேகலை, வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையே தன் மேல் போட்டுக்கொள்கிறாள். புத்தி பேதலித்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் உயிரை விடுகிறாள். முதல் பாகத்தில் விளையாட்டுப் பிள்ளையாக ஏரிக்கரையில் குதிரையை விட்ட அதே வந்தியத்தேவன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். நாவலின் கடைசிப் பக்கத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார் கல்கி, பட்டாபிஷேக ஆரவாரத்துக்குக் கொடுக்கவில்லை. இதைத்தான் ஐயா 'திடுதிப்பென்று' என்றார்.

மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. பூக்காரர் சேந்தன் அமுதன்தான் அரசி செம்பியன் மாதேவியின் பிள்ளை, அவர்தான் உத்தம சோழர் என்ற அடுத்த அரசர் என்பதை நம்பவே முடியவில்லை, 2023-இல் வந்த படத்தில் கூட அதை விட்டுவிட்டு, நாவலில் அந்த அரசியின் பிள்ளையாக வளர்ந்த மதுராந்தகனுக்கே முடி சூட்டினார்களே என்று எதிரணியில் இனி பேசுபவர் கேட்கப்போகிறார். அந்தக் கேள்விக்கு எங்கள் அணியில் அடுத்து வரும் மன்னார்குடி அக்கா பதில் வைத்திருக்கிறார். அவருக்கு இடம்விட்டு அமர்கிறேன். வணக்கம்.