ஐந்து மில்லிமீட்டர் ரப்பர்

நேயர்களுக்கு வணக்கம்.

வேகமான கார் வைத்திருப்பவர்களிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். டயர் என்று வந்தால் மட்டும் "எது மலிவு?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அத்தனை குதிரைத்திறனும் ரோட்டில் இறங்குவது நான்கு டயர் வழியாகத்தான். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. முடுக்குவது, வளைவில் திருப்புவது, பிரேக் பிடித்து நிறுத்துவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் நடக்கிறது.

மலிவு எது என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். புது டயரில் பட்டனின், அதாவது தரையைத் தொடும் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களின், ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், மழைத் தண்ணீரைப் பள்ளங்கள் வழியே வெளியே தள்ளும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். வேகமான காருக்கு அகலமான டயர். அகலம் கூடக் கூடத் தண்ணீர்மேல் மிதக்கும் ஆபத்தும் கூடும். அதனால் நிம்மதியாக ஓட்டக்கூடியது எட்டிலிருந்து மூன்று வரைதான். நாம் காசு கொடுப்பது அந்த ஐந்து மில்லிமீட்டர் ரப்பருக்கு. டயரின் விலையை, அந்த ஐந்து மில்லிமீட்டர் தேய எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்பதால் வகுத்துப் பாருங்கள். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்த டயர் இந்தக் கணக்கில் பலமுறை தோற்றுப்போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் கணக்குப் போட வேண்டாம், காதில் வாங்கினால் போதும். ஈர ரோட்டில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், டயர் மட்டும் வேறான இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. ஒன்று 50 மீட்டரில் நிற்கிறது. மற்றதற்கு 60 மீட்டர் தேவை. பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது முன்னால் நிற்பதன்மேல் மோதும். டயர் வாங்கும்போது ஈரப்பிடிப்பை முதலில் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் டயர்களின் லேபிளில் 2021 மே முதல் ஈரப்பிடிப்பு ஏ முதல் ஈ வரை ஐந்து தரமாக இருக்கிறது. வேகமான காருக்கு ஏ, இல்லையென்றால் பி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண்ணும் இருக்கலாம். 200, 300, 400 என்று போகும். எண் கூடினால் தேய்மானம் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பது தயாரிப்பாளரே. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 200க்கும் கீழே இருப்பவை பெரும்பாலும் பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்தவை. சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், தேங்கிய தண்ணீரில் தடுமாறும். தினமும் ஓட்டும் காருக்கு அவை தோதுப்படாது.

அளவு விஷயத்தில் சுருக்கமாகப் போகிறேன். 225/45 ஆர் 17 94 ஒய் என்று எழுதியிருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். 94 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 670 கிலோ. அதுவே 91 என்றால் 615 கிலோதான். கடைசி எழுத்து வேகம்: வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். காரின் கையேடு கேட்கும் சுமைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் கீழே போகவே கூடாது. "நான் அவ்வளவு வேகம் போவதில்லையே" என்பார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் டயர் சூட்டைத் தாங்கும் உறுதியும் இருக்கிறது. சூடு தாங்காத டயர்தான் வெடிக்கும்.

தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். முழு வரிசையும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அது உள்பக்கமாகப் போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது. எனவே மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், நான்கு டயரிலும் பாருங்கள். பெரிய தள்ளுபடிக்குப் பின்னால் பல நேரம் பழைய தேதி இருக்கும். பட்டன் புதிதாகவே இருந்தாலும் ரப்பர் வயதாக ஆக இறுகிவிடும்.

இப்போது நான் எங்கே போனாலும் வலியுறுத்தும் விஷயம். நான்கும் ஒன்றாக மாற்ற முடியவில்லை, இரண்டுதான் வாங்குகிறீர்கள். புது இரண்டும் எங்கே? "முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் அங்கேதான், அதனால் முன்னால் போடுங்கள்" என்பது பரவலான பேச்சு. தவறு. புது டயர் பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கர இழுவைக் காரானாலும் பின்னால்தான்.

காரணத்தைப் பாருங்கள். மழையில் முன் டயர் தண்ணீர்மேல் மிதந்தால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், கார் நேராகவே போகும். கைக்கு உடனே தெரிகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்புத் திரும்பிவிடும். பின் டயர் மிதந்தால் கைக்கு எந்தச் செய்தியும் வராது. வளைவில் வால் வெளியே வீசிய பிறகுதான் தெரியும். பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும், கார் சுழன்றுவிடும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்துத்தான் காரை நேராக்கும். அந்தச் சக்கரமே தண்ணீர்மேல் மிதந்தால், பிரேக் எதைப் பிடிக்கும்?

முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் உள்ள கார்களில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் டயரை முன்பின்னாக மாற்றிப் போட முடியாது. முன் இரண்டுக்கு மட்டும் புதிது வாங்கி, பின்னால் 3 மில்லிமீட்டரோடு மழைக்காலத்தைத் தள்ளப் பார்ப்பதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. அப்படிப்பட்ட நிலையில் நான்கையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டு வகை டயர் போடுவதும், முன்னால் ஒரு மாதிரி, பின்னால் வேறு மாதிரி என்று கலப்பதும் வேண்டாம். நான்கு சக்கர இழுவைக் கார் என்றால், டயர்களின் தேய்மானம் எவ்வளவு வேறுபடலாம் என்று கையேட்டில் பாருங்கள். சுற்றளவு மாறினால் உள்ளே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கிளட்சும் ஓயாமல் உராய்ந்து சூடேறும். ஒரு டயரில் மிச்சம் பிடித்தது அங்கே பல மடங்காகப் போய்விடும்.

பக்கச்சுவரில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் கண்டால் அந்த டயரின் கதை முடிந்தது. பள்ளத்தில் இடித்து உள்ளே நூல்கள் அறுந்திருக்கின்றன. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. பஞ்சரும் பட்டன் பகுதியில் விழுந்தால் மட்டுமே ஒட்டலாம், பக்கச்சுவரில் கூடாது.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. காற்றழுத்தத்துக்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டுக்கும் தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள அட்டையைப் பார்த்து அடியுங்கள். பத்து டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். புது டயர் போட்ட அன்றே அலைன்மென்ட் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை உள்ளங்கையால் பட்டனைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ கோணம், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கேம்பர் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், சக்கர நட்டுகளை நூறு கிலோமீட்டருக்குள் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இன்னொரு முறை சரிபாருங்கள்.

நன்றி, வணக்கம்.