உங்கள் போனில் தெரியும் போஸ்டர் பக்கத்து வீட்டில் தெரியாது! ஓடிடியில் நல்ல படம் பிடிப்பது எப்படி?

[திரையில்: பாம்பன் கடற்கரை. வலைக்குவியல் மேல் அருகருகே இரண்டு போன்கள்.]

இந்த இரண்டு போனையும் பாருங்கள். இரண்டிலும் நெட்ஃப்ளிக்ஸ், இரண்டிலும் ஒரே படம். ஆனால் இடது போனில் போஸ்டரில் ஒரு காதல் ஜோடி. வலது போனில், அதே படத்துக்கு, துப்பாக்கியோடு ஒருத்தர். இடது போன் என்னுடையது. வலது போன் என் மச்சானுடையது. நாங்கள் இரண்டு பேரும் எதையும் மாற்றவில்லை.

ஏன் இப்படி? சொல்கிறேன், அதில்தான் இன்றைய விஷயமே இருக்கிறது.

வணக்கம். இது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பகல் பொழுது வலை மராமத்திலும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதிலும் ஓடிவிடும். ராத்திரி? பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பேச்சு: "மாசாமாசம் காசு கட்டுறோம், பார்க்க ஒரு படம் இல்ல." படம் இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

நெட்ஃப்ளிக்ஸ் வரலாறு வேகமாக: 1997-ல் தொடங்கிய கம்பெனி, முதலில் தபாலில் டிவிடி அனுப்பியது, 2007-ல் ஆன்லைன், 2016-ல் இந்தியா. போதும்.

இப்போது போஸ்டருக்கு வருவோம். 2015-ல் நெட்ஃப்ளிக்ஸ் அதிகாரிகள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் படம் தேட ஆரம்பித்தால் 60 முதல் 90 நொடிக்குள் அலுத்துவிடுகிறாராம். அதற்குள் பார்ப்பது 10, 20 தலைப்புகள்தான். மக்கள் பார்க்கும் மொத்த நேரத்தில் சுமார் 80 சதவீதம், ஆப்பே முன்னால் எடுத்து வைக்கும் படங்களிலிருந்து வருகிறது. தேடிப் பார்ப்பது 20 சதவீதம்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் உங்களைப் பிடித்து நிறுத்த என்ன வழி? படத்தை மாற்ற முடியாது, போஸ்டரை மாற்றலாம். 2017 டிசம்பரில் அவர்களே இதை விளக்கமாக எழுதினார்கள். 'குட் வில் ஹண்டிங்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காதல் படம் நிறைய பார்ப்பவர் என்றால் அதில் ஜோடியாக நடித்த மேட் டேமனும் மின்னி டிரைவரும் சேர்ந்திருக்கும் போஸ்டர் வரும். நகைச்சுவை பார்ப்பவர் என்றால் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் முகம் வரும். 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்துக்கும் அப்படியே. உமா தர்மன் ரசிகருக்கு உமா தர்மன், ஜான் டிரவோல்டா ரசிகருக்கு டிரவோல்டா. கதை ஒன்றுதான், வாசல் மட்டும் ஆளுக்கு ஒன்று!

எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ரொம்பக் கவலை தரும் விஷயமும்கூட. 2018-ல் அமெரிக்காவில் கறுப்பினப் பார்வையாளர்கள் பலர் புகார் சொன்னார்கள். படத்தில் சில நிமிடமே வரும் கறுப்பின நடிகரின் முகத்தைத் தங்களுக்கு மட்டும் போஸ்டரில் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்று. நாங்கள் யாரிடமும் இனத்தைக் கேட்பதில்லை, பார்த்த படங்களை மட்டும் வைத்துத்தான் செய்கிறோம் என்று நெட்ஃப்ளிக்ஸ் பதில் சொன்னது. இருக்கட்டும். ஆனால் ஆசை காட்டிய முகம் ஐந்து நிமிடத்தில் மறைந்துபோனால் பார்ப்பவருக்கு வலிக்கத்தானே செய்யும்?

அதனால்தான் சொல்கிறேன், முதல் திரையை நம்பிப் படம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஏலத்தில் முதல் கூடையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு மீனே வரவில்லை என்று யாராவது வீட்டுக்குத் திரும்புவோமா?

சரி, என்ன செய்யலாம்? ஆளைப் பிடியுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தில் வேலை செய்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

[திரையில்: ராமேசுவரம் கடல்.]

நம் கரையிலிருந்தே தொடங்குவோம். 'கன்னத்தில் முத்தமிட்டால்', 2002. ராமேசுவரம் அகதி முகாமில் பிறந்த குழந்தையின் கதை. ஆறு தேசிய விருது வாங்கிய படம், அதில் ஒன்று எடிட்டிங்குக்கு. எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத். அவர் வேறு என்ன எடிட் செய்திருக்கிறார்? மோகன்லால் கதகளிக் கலைஞராக நடித்த 'வானபிரஸ்தம்'. அப்புறம் நந்திதா தாஸ் முதன்முதலில் இயக்கிய, குஜராத் கலவரத்துக்குப் பிந்தைய நாட்களைச் சொல்லும் 'ஃபிராக்'. நம் ஊர்க் கதையில் கிளம்பி, ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்! இந்த இரண்டு படத்தையும் எந்த முகப்புத் திரையும் உங்கள் முன்னால் தானாகக் கொண்டுவந்து வைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

படத்தின் பெயர் கிடைத்ததும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாடு இந்தியா என்று வைத்துத் தேடினால், எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காட்டும். நேராக ஆப்பில் தேடினால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படம் அங்கே இல்லாவிட்டால் அதைப் போன்ற வேறு படங்களை வரிசையாக அடுக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

வீட்டில் எல்லாரும் ஒரே ப்ரொஃபைலில் பார்க்கிறீர்களா? நெட்ஃப்ளிக்ஸில் ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிள்ளைகள் பார்த்த கார்ட்டூன் உங்கள் திரையை நிரப்பாது.

கடைசியாக, தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு. கரையில் இருக்கும்போதே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆனால் முந்தின நாளே கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டாம். சில படங்கள் ஒருமுறை ப்ளே அழுத்தினால் 48 மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும்.

தனுஷ்கோடி, பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி, நம் கடற்கரை வரும் படம் எது தெரிந்தாலும் கமெண்டில் பெயரைப் போடுங்கள். எடிட்டர், கேமராமேன் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கிறது என்று தேடிச் சொல்கிறேன்.