பார்சிலோனா, 1263: மேசியா வந்துவிட்டாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய வெள்ளி ஆராதனையில் ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்ற வரி வந்ததும் என் கண்முன் சிலுவைதான் நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வரி எழுதப்பட்ட எபிரெய மொழியிலேயே இன்றும் ஜெபிக்கிற யூதர்களுக்கு அங்கே சிலுவை தெரிவதில்லை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்த பிறகும், வேண்டுமென்றே பார்க்க மறுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றிய ஒரு விவாதத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1263 ஜூலை. இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டு மன்னர் முதலாம் ஜேம்ஸின் பார்சிலோனா அரண்மனை. ஒருபக்கம் பாப்லோ கிறிஸ்தியானி. யூதராகப் பிறந்து, கிறிஸ்தவராகி, டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தவர். எதிரே ஜிரோனா நகரத்து ரபி, அதாவது யூத மத குரு, மோசே பென் நக்மான். ரம்பான் என்று யூதர்கள் சுருக்கி அழைப்பார்கள். எழுபதை நெருங்கும் வயது. அவராக விரும்பி அங்கே வரவில்லை, அரச கட்டளை. மனதில் இருப்பதைத் தடையில்லாமல் பேச அனுமதி வேண்டும் என்று மன்னரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

பாப்லோ யூதர்களின் தல்மூதையும் (ரபிகளின் போதனைத் தொகுப்பு) மித்ராஷையும் (வேத விளக்கங்களும் கதைகளும்) வைத்தே, யூதர்கள் காத்திருக்கும் மேசியா இயேசுவாக வந்துவிட்டார் என்று காட்டப் பார்த்தார். அதில் ஒரு கதை. யூதர் ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார். மாடு கத்துகிறது. வழியே போன ஒரு அரேபியர், "ஏரை அவிழ்த்துவிடு, உங்கள் ஆலயம் இடிந்தது" என்கிறார். மாடு மறுபடி கத்துகிறது. "ஏரைப் பூட்டு, உங்கள் மேசியா பிறந்துவிட்டார்." பார்த்தீர்களா, உங்கள் நூலே சொல்கிறதே என்றார் பாப்லோ.

ரம்பானின் பதில்: இப்படிப்பட்ட கதைகள் எங்களுக்குப் பிரசங்கம் மாதிரி, நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரி, நம்புவதாகவே வைத்துக்கொள்வோம். ஆலயம் இடிந்த நாளில் மேசியா பிறந்தார் என்கிறது கதை. ஆலயம் இடிந்தது கி.பி. 70-இல். இயேசு பிறந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால். இன்னொரு கேள்வியும் கேட்டார், என்னை உலுக்கியது அதுதான். இயேசுதான் மேசியா என்று அந்தத் தல்மூது அறிஞர்கள் நம்பியிருந்தால், ஏன் கடைசிவரை யூதர்களாகவே வாழ்ந்து செத்தார்கள்? பாப்லோ செய்ததை அவர்களும் ஏன் செய்யவில்லை?

இங்கே மேசியா என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். எபிரெயத்தில் அதற்கு எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். சவுலும் தாவீதும் அப்படி அபிஷேகம் பெற்றவர்கள். ஏசாயா 45-இல் பாரசீக மன்னர் கோரேசுக்கே அந்தச் சொல் வருகிறது. ஆக, யூதர்கள் எதிர்பார்த்தது மனிதனாகப் பிறந்து நாட்டை மீட்டு ஆளும் ஒரு ராஜாவை.

அதனால்தான் ரம்பான் ஆளைப் பார்க்காமல் உலகத்தைப் பார்க்கச் சொன்னார். "தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்" என்கிறது ஏசாயா 2. இயேசுவின் காலத்திலிருந்து இன்றுவரை உலகம் கொள்ளையும் கொலையுமாகத்தானே கிடக்கிறது என்றார். மன்னரிடமே திரும்பி, இனி யுத்தம் கற்கக்கூடாது என்றால் உமக்கும் உம்முடைய இந்தக் குதிரைவீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம் என்றும் கேட்டார். ஆயுதம் தாங்கிய சபையில் ஒரு முதியவர் கேட்டது இது.

இதற்குக் கிறிஸ்தவர்களான நம்மிடம் பதில் உண்டு. முதல் வருகை பாடுபட, இரண்டாம் வருகை ஆள. நான் அதை நம்புகிறேன். ஆனால் இயேசுவை ஏற்றுக்கொண்ட பிறகு வருகிற நம்பிக்கை அது. ஏற்காதவரிடம் அதையே ஆதாரமாக நீட்ட முடியாது.

ஏசாயா 53-க்கு வருகிறேன். அங்கே காயப்படுகிறவரைக் கர்த்தருடைய தாசன், அதாவது ஊழியன், என்கிறது வேதம். அந்தத் தாசன் இஸ்ரவேல் மக்கள்தான் என்றார் ரம்பான். மேசியாவைக் குறிப்பதாகச் சொல்லும் மித்ராஷ் இருப்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நான் 41-ஆம் அதிகாரத்திலிருந்து தொடர்ந்து வாசித்துப் பார்த்தேன். "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் 49-இல் அதே தாசன் இஸ்ரவேலைத் திரும்பக் கூட்டிவர அனுப்பப்படுகிறான். அப்படியானால் இஸ்ரவேலுக்கு இஸ்ரவேலே அனுப்பப்படுகிறதா? இரண்டு வாசிப்புக்கும் அந்தப் பக்கங்களிலேயே இடம் இருக்கிறது. இதில் யாரையும் குருடர் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

விவாதம் முடிந்ததும் மன்னர் தனக்கு 300 தினார் கொடுத்து அனுப்பினார் என்று ரம்பான் எழுதிவைத்தார். கிறிஸ்தவர் தரப்பின் லத்தீன் பதிவோ அவர் தோற்றுப்போனதாகச் சொல்கிறது. தான் பேசியதை எழுதியதற்காக 1265-இல் டொமினிக்கன் துறவிகள் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். அவர் ஸ்பெயினைவிட்டே கிளம்பினார்.

1267-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து மகனுக்கு எழுதிய கடிதத்தில், பாழடைந்த அந்த நகரத்தில் சாயத்தொழில் செய்யும் இரண்டு யூதச் சகோதரர்கள் மட்டும் இருப்பதாகவும், ஓய்வுநாளில் ஜெபத்துக்கு அவர்கள் வீட்டில் பத்துப் பேர் கூடுவதாகவும் சொல்கிறார். பளிங்குத் தூண்களும் அழகான குவிமாடமும் உள்ள ஒரு இடிந்த வீட்டைக் கண்டுபிடித்து ஜெப ஆலயமாக்கினார்கள். தாத்தாரியர் (மங்கோலியர்) படையெடுப்பின்போது சீகேம் நகரத்துக்கு எடுத்துப்போயிருந்த தோரா சுருள்களை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களின் சுருள்களை, திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள்.