மேடையை விட்டு இறங்கிய பாட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஆண்டி பார்ட்ரிட்ஜைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எக்ஸ்டிசி என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாடகர், பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதியவர். 1970களின் கடைசியில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் ஆரவாரம் அடங்கும்போது கிளம்பிய, நியூ வேவ் என்ற புது இசை அலையில் வந்தவர். அந்த அலையில் வந்த பலரும் மேடையால் வளர்ந்தார்கள். இவர் மேடையை விட்டதால் வளர்ந்தார் என்பது என் கட்சி.

பிறந்தது 1953இல், மால்டாவில். வளர்ந்தது இங்கிலாந்தின் ஸ்விண்டனில். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பட்டறையை நம்பி எழுந்த ஊர் அது. லண்டன்காரர்களுக்கு ஸ்விண்டன் என்றாலே கிண்டல்தான். ஆனால் பார்ட்ரிட்ஜ் பெயர் வாங்கிய பிறகும் ஊரை விட்டு நகரவில்லை. அவருடைய பாட்டுகளில் வருவதும் அந்த மாதிரித் தெருக்கள்தான். பாட்டுச் சத்தம் கேட்டாலே சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டு அம்மாவை வைத்து 'ரெஸ்பெக்டபிள் ஸ்ட்ரீட்' எழுதினார். வானொலிக்காக அதன் வரிகளில் சிலவற்றை மாற்றிப் பாட வேண்டியிருந்தது. மாற்றியும் பிபிசி அதைச் சீண்டவில்லை.

குழுவுக்கு முதலில் பெரிய பெயர் வாங்கித் தந்த பாட்டு, 1979இல் வந்த 'மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்', இவர் எழுதியதல்ல. பேஸ் கிதார் வாசித்த காலின் மோல்டிங் எழுதியது. பார்ட்ரிட்ஜின் முறை 1982இல் வந்தது. கிதாரில் விரல் தவறி விழுந்த ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), ஏர் பிடித்து நடக்கும் பழங்காலத்துப் பண்ணையாளை அவருக்கு நினைவூட்டியதாம். அதிலிருந்து பிறந்ததுதான் 'சென்சஸ் ஒர்க்கிங் ஓவர்டைம்'. பிரிட்டிஷ் தரவரிசையில் 10ஆம் இடம்.

அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் எல்லாம் குலைந்தது. பையனாக இருந்தபோதே மருத்துவர்கள் அவருக்குப் பதற்றத்தைத் தணிக்கும் வேலியம் மாத்திரையை எழுதிக்கொடுத்திருந்தார்கள். பல வருடப் பழக்கம். கவலைப்பட்ட மனைவி ஒருநாள் மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டார். நல்லெண்ணம்தான்; ஆனால் அப்படித் திடீரென்று நிறுத்தக்கூடாத மருந்து அது. மார்ச் மாதம் பாரிஸில் பாடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே மேடையை விட்டு ஓடினார். ஏப்ரலில் அமெரிக்கப் பயணமும் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எக்ஸ்டிசி கச்சேரிப் பயணமே போகவில்லை.

நஷ்டம் இல்லையா என்றால், நிறைய. கச்சேரிதான் உயிர் என்றிருந்த டிரம்மர் டெர்ரி சேம்பர்ஸ் விலகிப் போனார். ஊர் ஊராகப் போகாத குழுவின் இசைத்தட்டை விற்பது நிறுவனத்துக்கும் பெரும்பாடு. ஆனால் பாட்டுகளைக் கேளுங்கள். நான்கு பேர் மேடையில் வாசிக்க முடிய வேண்டும் என்ற கட்டாயம் போனதும் வயலின்கள் வந்தன, பூச்சிகளின் ரீங்காரம் வந்தது, அவசரம் போயிற்று.

அதன் உச்சம் 1986இல் வந்த 'ஸ்கைலார்க்கிங்'. தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன். இவர்கள் அனுப்பிய மாதிரிப் பதிவுகளிலிருந்து எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று முன்கூட்டியே அவர் முடிவுசெய்துவிட்டார். பார்ட்ரிட்ஜுக்குப் பொறுக்குமா? சண்டையோ சண்டை. என்னைக் கேட்டால் அவரை ஒருவர் அடக்கியது நல்லதாகத்தான் போயிற்று. கோடை நாள் ஒன்று விடிந்து இருட்டுவது போல அந்த ஆல்பம் நகர்கிறது.

'டியர் காட்' முதலில் அதில் இல்லை. கடவுளை நம்பாதவன் கடவுளுக்கே எழுதும் கடிதம் அந்தப் பாட்டு. தொடங்கிவைப்பது ஒரு சிறுமியின் குரல். எழுதியவருக்கே அதில் திருப்தியில்லை. ஒரு சிங்கிளின், அதாவது தனிப்பாட்டுத் தட்டின், பின்பக்கத்தில் போட்டார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, நேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அதை ஆல்பத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்னொரு கூத்தும் உண்டு. பதிவில் மின் துருவம் மாறிப்போனதால் ஒலி மெலிந்திருந்தது. அது பின்னால் கண்டுபிடிக்கப்பட்டு, திருத்திய பதிப்பைப் பார்ட்ரிட்ஜ் 2010இல்தான் வெளியிட்டார்.

1992க்குப் பிறகு, இவர்கள் இசைத்தட்டுகளை வெளியிட்ட வர்ஜின் நிறுவனத்தோடு ஒப்பந்தத் தகராறு. விடுவிக்கும்வரை புதிதாக ஒரு பாட்டும் பதிவு செய்யமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ரயில்வே ஊர்க்காரர்களுக்கு வேலைநிறுத்தம் கற்றுத்தரவா வேண்டும்! விடுபட்ட பின் 1999லும் 2000லும் இரண்டு ஆல்பங்கள். அத்தோடு குழுவின் கணக்கு முடிந்தது.

பார்ட்ரிட்ஜ் எழுதுவதை நிறுத்தவில்லை. சிறுவனாக இருந்தபோது மங்கீஸ் என்ற அமெரிக்கப் பாப் குழு பற்றிய ஓவியப் போட்டியில் ஜெயித்து, பரிசுப் பணத்தில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர். 2016இல் அதே மங்கீஸ் தங்கள் 50ஆம் ஆண்டு ஆல்பத்துக்குப் பாட்டு எழுதித்தரச் சொல்லி அவரிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்தார்.