ஆம்புலன்ஸ் வேண்டாம் தம்பி!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரால் புகழ்பெற்ற நடிகை லூசில் பாலின் கடைசித் தொடர் சரிந்தது முதுமையாலா, அதை ஒளிபரப்பிய முதலாளியாலா? முதலாளியால்தான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "75 வயசுக் கிழவி ஹார்டுவேர் கடையில விழுந்து எந்திரிச்சா சிரிப்பு வராதுங்க, ஆம்புலன்ஸ்தான் வரும்." நீங்களும் கை தட்டினீங்க. அந்தக் கிழவி யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தட்டுங்கய்யா!

1952. 'ஐ லவ் லூசி'யில ஒரு காட்சி. சாக்லேட் தொழிற்சாலை. லூசிக்கும் அவங்க தோழி எத்தலுக்கும் புது வேலை. பெல்ட்டுல வர்ற சாக்லேட்டுக்குக் காகிதம் சுத்தணும். ஒண்ணு சுத்தாமப் போனாலும் சீட்டு கிழியும். முதல்ல மெதுவா வருது. சுத்துறாங்க. "இதெல்லாம் ஒரு வேலையா"ன்னு ஒரு மிதப்பு. வேகம் கூடுது. ஒண்ணு தப்பிச்சுது, வாயில போட்டாச்சு. இன்னும் கூடுது. வாய் நிறைஞ்சாச்சு, தொப்பிக்குள்ள தள்ளியாச்சு, சட்டைக்குள்ளயும் திணிச்சாச்சு! மேற்பார்வை பார்க்கிற அம்மா வர்றாங்க. பெல்ட்டு காலி. இவங்க ரெண்டு பேர் கன்னமும் உப்பி நிக்குது. "அட, நல்லா பண்றீங்களே"ன்னு சொன்ன அந்தம்மா, உள்ளே திரும்பிக் கத்துறாங்க: "வேகத்தைக் கூட்டு!"

இருங்க, முடியல. அதே கதையில லூசி பக்கத்துல நின்னு சாக்லேட் தோய்க்கிறவங்க நடிகை இல்ல. நிஜமாவே அந்த வேலை பார்த்தவங்க. அவங்க மூஞ்சியில ஈ உட்காருது. லூசி சாக்லேட் கையாலேயே ஒண்ணு போடுறாங்க. அந்தம்மா திருப்பி விட்டாங்க பாருங்க ஒரு அறை! வாங்கிக்கிட்டு நடிச்சவங்க லூசி.

தம்பி, 1951-ல அந்தத் தொடர் ஆரம்பிக்கும்போதே அவங்களுக்கு வயசு 40. வயசுதான் வில்லன்னா ஏறியிருக்கவே முடியாதே! 1962-ல டெசிலு ஸ்டுடியோவுல முன்னாள் கணவர் டெசி ஆர்னாஸோட பங்கையும் வாங்கித் தனியா நடத்தினாங்க. 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடர் பிறந்த இடம் அது.

1986-ல ஏபிசி தொலைக்காட்சி கூப்பிட்டுச்சு. 'லைஃப் வித் லூசி'. தம்பி சொன்ன அந்த ஹார்டுவேர் கடைத் தொடர் இதுதான். 13 பகுதி எடுத்தாங்க. போட்டது 8. ரெண்டே மாசத்துல நிறுத்திட்டாங்க. பெத்த தாய்க்குக் கூட இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாங்க. தொலைக்காட்சிச் சிரிப்புக்கே தாய் அவங்க!

அது நின்ன அடுத்த மாசம், டிசம்பர் 2, டெசி இறந்துபோறார். விவாகரத்தாகி 26 வருஷம். ஆனாலும் உயிரா இருந்தவர். அஞ்சு நாள் கழிச்சு வாஷிங்டன்ல கென்னடி கலை மையத்துல லூசிக்குப் பாராட்டு. டெசி எழுதி வெச்சிருந்ததை மேடையில வேறொருத்தர் வாசிக்கிறார்: 'ஐ லவ் லூசி'ங்கிறது வெறும் தலைப்பா என்னிக்குமே இருந்ததில்லைன்னு. லூசி கண் கலங்கி உட்கார்ந்திருக்காங்க. தொடரும் போச்சு, அவரும் போயிட்டார்.

அந்த அம்மாவையா கிழவின்னீங்க தம்பி? நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் வேணும்னாலும் போகட்டும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் திரும்ப வாங்கிக்கணும். இப்பவே, இந்த மேடையிலேயே.