பெட்டியில் இருக்கும் எண்

தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்த தம்பிகளே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு ஓடி வந்திருக்கிறார் மருத்துவர் ஐயா. அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இ-சிகரெட், அதாவது பேட்டரியில் ஓடி நிகோடின் ஆவியை இழுக்கத் தரும் கருவி. அதைப் பற்றி மூன்று விஷயம் பேச வேண்டும்: சட்டம், பிள்ளைகள், புகையை விட நினைக்கும் பெரியவர்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2018-இல் தமிழ்நாடு தடை செய்தது, 2019-இல் நாடு முழுக்கத் தடை. தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை உண்டு. நல்ல சட்டம். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பையன் பத்தாம் வகுப்பு. பையைத் துவைக்க எடுத்தபோது பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. பாடம் ஏதோ இருக்கும், தொலைந்துவிடப் போகிறது என்று பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டார். மறுநாள் பீரோவைத் திறந்தால் புடவையெல்லாம் மாம்பழ வாசனை! என்னிடம் எடுத்து வந்தார். ஒரு முனையில் சார்ஜ் போடும் துளை, மறுமுனையில் வாய் வைத்த தடம். இது இ-சிகரெட் என்று நான் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி அப்பா பையனை ஓங்கி ஒரு அறை விட்டார். கை நடுங்கியதாம். அப்புறம் என்ன செய்தார்? மனசு ஆறவில்லை என்று முக்கு டீக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தார். பையன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அப்பாவும் விட நினைக்கிறவர்தான். இரண்டு முறை விட்டுப் பார்த்தவர். அவருக்கு யார் துணை?

பிரிட்டனில் இ-சிகரெட்டுக்கு வேறு வழி எடுத்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை இல்லை, நிகோடினுக்கு உச்சவரம்பு, தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகைக்கு 2025 ஜூன் முதல் தடை. புகைக்கும் பெரியவர்களுக்கோ, சிகரெட்டை விடுவதற்கு அதே கருவியை இலவசமாகத் தரும் திட்டத்தை 2023-இல் அறிவித்தார்கள். அந்தக் கருவி இங்கே வேண்டாம், நான் கேட்கவில்லை. விட நினைப்பவனின் கையைப் பிடித்தார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

நம்மிடம் என்ன இருக்கிறது? புகையை விடுவதற்கு உதவி கேட்டு அழைக்க 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பெட்டியின் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படமும் உண்டு. ஆனால் டீக்கடையில் பெட்டியா வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரரிடமே இருக்கிறது. எண்ணும் படமும் அதிலேயே தங்கிவிடுகின்றன. பத்து ரூபாயோ இருபது ரூபாயோ பள்ளிப் பையனிடமும் இருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று நான் சொல்வது இதைத்தான். மகாராஷ்டிரம் 2020-இல் உதிரி விற்பனையை நிறுத்த உத்தரவு போட்டது. நம்மால் முடியாதா?

பிள்ளைகளைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். நேரமாகிவிட்டது, தலைமையாசிரியை அம்மா பேசுவார்கள். என் கோரிக்கை இரண்டு: உதிரி சிகரெட் விற்பனைக்குத் தடை, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு நாள் புகையை விடுவதற்கு ஆலோசனை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. புகைக்கிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறோம்.